ராம்நாடு அரண்மனைக் கடைத்தெருவில் தலைப்பொங்கச் சீர் வாங்கினேன்

மூத்தவளை ஆவணியில் தொண்டியில் கட்டிக் கொடுத்தோம். இந்தத் தை அவளுக்குத் தலைப்பொங்கல். சீர்ச்சாமான் வாங்க 2026 ஜனவரி 13, செவ்வாய்க்கிழமை விடியக்காலையில் நானும் என் மாமியாரும் உச்சிப்புளியில் பஸ் ஏறி ராமநாதபுரம் அரண்மனைக்குப் போனோம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ராமலிங்க விலாசம் இருக்கிற சேதுபதி ராஜாக்களின் அரண்மனைதான் அது. ஆனால் எங்கள் பக்கத்தில் ‘அரண்மனைக்குப் போயிட்டு வர்றேன்’ என்றால் கடைத்தெருவுக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். பொங்கலுக்கு முந்தின மூன்று நான்கு நாள் அரண்மனை வாசலைச் சுற்றி ரோட்டோரம் முழுக்கக் கரும்பும் மஞ்சளும் பானையும்தான்.

செவ்வாய்க்கிழமை சீர் வாங்கலாமா என்று அத்தைக்கு மனசு இடறியது. “வாங்குறதை இன்னைக்கு வாங்கு, குடுக்குறதை நாளைக்குக் குடு. பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காது” என்று வழியையும் அவரே சொல்லிவிட்டார். போகியும் புதனும் ஒன்றாக வந்தது எங்களுக்குத் தோதாகப் போயிற்று.

நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் சமையல் வேலை பார்க்கிறவள். பதினாறு வருஷமாக அடுப்படிதான் வாழ்க்கை. கீழே எழுதியிருப்பதெல்லாம் நான் காசு கொடுத்து வாங்கி, அடுப்பில் ஏற்றி, வாயில் வைத்துப் பார்த்தது. நாளைக்கு இன்னொரு தாய் மகளுக்குச் சீர் வாங்கப் போகும்போது உதவட்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பானையிலிருந்து தொடங்குகிறேன்.

பானைக்கடை அரண்மனை வாசலுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. வைக்கோலைப் பரப்பி அதன்மேல் பானைகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார் ஒரு அண்ணன். மானாமதுரைச் சரக்கு. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரிந்திருக்கும். கடம் செய்கிற ஊர் என்பதால் அங்கிருந்து வரும் பானைக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. இருந்தாலும் ஊர்ப்பெயரை நம்பிப் பானை எடுக்கக் கூடாது. ஒவ்வொரு பானையையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அத்தைக்கு ஒரு கண்ணில் புரை உரித்திருக்கிறது, இன்னொன்றில் பார்வை மங்கல். அவர் பானையைக் காதால்தான் பார்க்கிறார். இடது உள்ளங்கையில் பானையைத் தூக்கி வைத்துக்கொண்டு, வலது கை விரல் மொழியால் வயிற்றில் ஒன்று, கழுத்துக்குக் கீழே ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று தட்டு. “இது பேசுது” என்றால் எடுத்து வைக்க வேண்டும். “இது ஊமை” என்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். டங்கென்று நீளமாகச் சத்தம் வந்தால் நன்றாக வெந்த பானை. டொக்கென்று அமுங்கினால் எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கிறது, அல்லது சூளையில் வேக்காடு பற்றவில்லை. பதினோரு பானை தட்டி நான்கை எடுத்து வைத்தார். அந்த நான்கையும் நான் சூரியனுக்கு எதிரே பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். ஊசித்துளை இருந்தால் நட்சத்திரம் மாதிரி மினுங்கும். ஒன்றில் மினுங்கியது.

நான் சொல்வதற்கு முன்னால் கடைக்கார அண்ணனே அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “இதை விடுங்க தாயி. பூத்தொட்டிக்குக் குடுத்துக்கிறேன். தலைப்பொங்கலுக்கு இது வேணாம்.” பக்கத்தில் இரண்டு பேர் விலை கேட்டுக்கொண்டு நிற்கும்போதே சொன்னார். இந்த வார்த்தைக்காகவே இந்தக் கடையை நான் எல்லோருக்கும் சொல்வேன்.

பானை போன வருஷத்தைவிடக் குறைவாக இருக்கிறதே என்று கேட்டேன். கார்த்திகை மாதம் விட்டு விட்டுப் பெய்ததில் வனைந்து வைத்த பானை நிழலிலும் காயவில்லை, வெயிலிலும் காயவில்லை என்றார். ஈரப் பானையைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். அது ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருக்கிற பத்தையும் கூட்டிக்கொண்டு போகுமாம். அதனால் மார்கழியில் வெயில் தெளிந்த பிறகுதான் சூளை மூட்டினார்களாம். ரெண்டுபடிப் பானை 220 சொன்னார். மூடியும் சேர்த்து 200-க்குக் கொடுத்தார். அத்தை 150-க்குக் கேட்டார். நான்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். மூன்று மாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனிடம் அதற்குமேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். புதுப்பானையை அப்படியே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் முக்கி வையுங்கள். மறுநாள் அரிசி கழுவின கழனித்தண்ணீரை ஊற்றிச் சிறுதீயில் அரை மணி நேரம் காய்ச்சி இறக்குங்கள். கஞ்சிப்பசை மண்ணின் கண்களை அடைத்துவிடும். அதன்பிறகு சுண்ணாம்புக் கோடு போட்டு, மஞ்சள் கொத்துக் கட்டிக்கொள்ளலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் நானே ஏமாந்த கதையும் உண்டு. டவுனில் ஒரு பெரிய கடையில் ‘பொங்கல் செட்’ என்று பையில் போட்டு விற்றார்கள். சின்னப் பானை, அதன்மேல் பச்சை, ரோஸ் பெயிண்டில் கரும்பும் சூரியனும். கூடவே அரிசி, வெல்லம், ரெண்டு ஏலக்காய், ஒரு துண்டு மஞ்சள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்கினேன். தீ ஏறியதும் பெயிண்ட் பொரிந்து நாற்றம் அடித்தது. பால் பொங்கி வருகிற நேரத்தில் அடியில் கீறல் விட்டு, பாதிப் பால் ஒழுகி அடுப்பை அணைத்துவிட்டது. அத்தை அன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை. நல்ல நாளில் அடுப்பு அணைவதை எங்கள் வீட்டில் யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. திருப்பிக் கேட்கப் போனபோது, அது அலங்காரத்துக்கு வைக்கிற பானை என்றார்கள். பையின்மேல் அப்படி ஒரு எழுத்தும் இல்லை. பெயிண்ட் அடித்த பானையை அடுப்பில் ஏற்றவே ஏற்றாதீர்கள். சீருக்கும் கொடுக்காதீர்கள்.

சீருக்கு மண்பானை மட்டும் போதாது, உலோகத்திலும் ஒன்று வைக்க வேண்டும். பாத்திரக்கடையில் வெண்கலப் பானை எடுத்தோம். எடை போட்டு, விலை எழுதி, பெயர் வெட்டிக் கொடுத்தார்கள். பித்தளை எடுப்பவர்கள் உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை, சுத்தமான வியாபாரம்.

கரும்பு எல்லாம் மேலூர்ப் பக்கத்துப் பன்னீர்க்கரும்பு. எங்கள் மாவட்டம் வானம் பார்த்த பூமி, கரும்புக்கு ஏற்ற தண்ணீர் இங்கே ஏது? லாரியிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ரேஷனில் பச்சரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோவோடு முழுக்கரும்பு ஒன்றும் கொடுத்துவிட்டதால், வீட்டுக்கு ஒன்று என்று வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள் என்றார் வியாபாரி. இப்போது கட்டாக வாங்குகிறவர்கள் சீர் கொடுக்கிறவர்கள்தானாம். கரும்பில் பார்க்க வேண்டியது அடிவெட்டு. வெட்டின இடம் வெள்ளையாக, ஈரமாக இருக்க வேண்டும். சிவப்புக் கோடு ஓடியிருந்தால் உள்ளே செவ்வழுகல், புளித்த வாடை அடிக்கும். தோகை பச்சையாகவும் கணு தள்ளித் தள்ளியும் இருந்தால் எடுக்கலாம். நாங்கள் ஜோடி 90 ரூபாய் என்று மூன்று ஜோடி எடுத்தோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்றிக் கட்டித் தருவதற்குத் தனியாக 30 ரூபாய் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. விலை பேசும்போதே அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

மஞ்சள் கொத்து 40 ரூபாய், கிழங்கு விளைந்து தெறிப்பாக இருந்தது. பச்சை மொச்சை, அவரை, பரங்கி, சேனை, சர்க்கரைவள்ளி எல்லாம் வழக்கம்போல. மொச்சையை மட்டும் மூட்டையின் மேல்கையில் வாங்காதீர்கள், கையை உள்ளே விட்டு அள்ளிப் பாருங்கள். காப்புக் கட்டுவதற்குக் கண்ணுப்பிள்ளையும் (சிறுபீளைப் பூ) ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்து ஒரு கட்டு 20 ரூபாய். கண்மாய்க் கரையில் பறித்து விடியுமுன் தலைச்சுமையாகக் கொண்டுவருகிற பாட்டிகள் விற்கிறார்கள். தயவுசெய்து அதில் பேரம் பேசாதீர்கள்.

பூ விஷயம்தான் மனதைச் சுட்டது. மல்லிகை முழம் 80 ரூபாய். மார்கழி, தைப் பனியில் மொட்டு விடாது, வரத்து குறையும், விலை ஏறும், அது எல்லா வருஷமும் நடப்பதுதான். எனக்கு வருத்தம் என்னவென்றால், எங்கள் ஊரைத் தாண்டிப் பாலம் ஏறி இறங்கினால் தங்கச்சிமடம். அங்கிருந்து மல்லிகை நாற்று எங்கெங்கோ போகிறது. நாற்றை அனுப்புகிற நாங்கள் ஒரு முழம் பூவுக்குத் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. சீருக்கு நான்கு முழம் வாங்கினேன். என் தலைக்கு வாங்கவில்லை.

இவ்வளவும் வாங்கி முடித்தபோது மணி ஒன்பதரை. டீ குடிக்க உட்கார்ந்தபோது அத்தை சாமானை எல்லாம் எண்ணிக்கொண்டு வந்தவர், நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரி. நம்ம ஊரு சாமான் எங்க?”

எண்ணிப் பார்த்தேன். கரும்பு மேலூர். பானை மானாமதுரை. மஞ்சளும் மொச்சையும் மதுரை மார்க்கெட் வழியாக வந்தவை. ராமநாதபுரத்து மண்ணிலிருந்து வந்தது என்று சொல்ல, 20 ரூபாய்க் காப்புக்கட்டு மட்டும்தான் பையில் இருந்தது. எங்கள் மண்ணுக்குப் பனை இருக்கிறது, தென்னை இருக்கிறது, முண்டு மிளகாய் இருக்கிறது. பொங்கலைக் கொண்டாடுவதே மண் கொடுத்ததற்காகத்தானே, இந்த மண் கொடுத்ததை வைக்காமல் என்ன சீர் என்று அத்தை கேட்டது நியாயம்.

அவை எல்லாம் கடைத்தெருவின் வால்பகுதியில் இருந்தன. லாரி நிற்கிற இடத்தைத் தாண்டி, பந்தலும் நிழலும் முடிந்த பிறகு, தரையில் சாக்கு விரித்து ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பனங்கிழங்கு, கருப்பட்டி, ஓலைப்பெட்டி. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வருகிற கூட்டத்தில் பாதி அதுவரைக்கும் வருவதே இல்லை.

நான் வாங்கியது சாயல்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவிடம். அறுபது வயது இருக்கும். ஈரச்சாக்கால் மூடிக் கிழங்குக் கட்டுகளை வைத்திருந்தார், வெயில் பட்டால் வாடிவிடும் என்று. கட்டுக்கு 25 கிழங்கு, 120 ரூபாய். கிழங்கு எடுக்கும்போது பார்க்க வேண்டியது மூன்று. நடுவில் பருத்து நுனி கூராக இருக்க வேண்டும். தோல் வெளுத்த மஞ்சளாக, மண்வாசத்தோடு இருக்க வேண்டும். மேலே குருத்து நீண்டு விரிய ஆரம்பித்திருந்தால் அது வயசான கிழங்கு, வெந்தாலும் வாயில் நாராகச் சிக்கும். அந்த அம்மா ஒரு கட்டைப் பிரித்துக் காட்டி, குருத்து நீண்ட இரண்டை எடுத்துப் போட்டுவிட்டு வேறு இரண்டைச் செருகினார்.

பனங்கிழங்கை ஏதோ காட்டில் தோண்டி எடுக்கிற சாமான் என்று என் இளையவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் போன்றவர்களுக்காக அந்த அம்மா சொன்னதை எழுதுகிறேன். ஆவணி, புரட்டாசியில் விழுகிற பனம்பழத்தைப் பொறுக்க வேண்டும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை. மணலைக் கூட்டிப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண் போட்டு மூட வேண்டும். மழைத்தண்ணீர் போதும். நாலு மாதத்தில் கிழங்கு இறங்கிவிடும். பொங்கல் நெருங்கும்போது பாத்தியைப் பறித்து, கிழங்கை ஒடித்தெடுத்து, கொட்டையை வெட்டினால் உள்ளே தவுன் கிடைக்கும். இனிப்பாக, பஞ்சு மாதிரி இருக்கும். அவர் பேசிக்கொண்டே ஒரு கொட்டையை அரிவாளால் பிளந்து அத்தை கையில் வைத்தார். எனக்குத் தெரிந்து அத்தை கடைத்தெருவில் நின்று எதையும் வாயில் வைத்ததில்லை. அன்று தின்றார்.

“நவம்பர் கடைசியில டிட்வா புயலு வந்துச்சுல்ல தாயி, அப்ப பாத்தியில ரெண்டு நாளு தண்ணி நின்னுபோச்சு. ஒரு பக்கத்துக் கெழங்கு அழுகிருச்சு. மேட்டுல போட்டது தப்பிச்சுது. அதைத்தான் கொண்டாந்திருக்கேன்.” அழுகியது போக மிச்சத்தை விற்கிறவர், அந்த நஷ்டத்தை நான் வாங்கிய கட்டின் விலையில் ஏற்றவில்லை. போன வருஷமும் 120-தானாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கீழக்கரையிலிருந்து வந்த ஒரு லாத்தா (முஸ்லிம் வீட்டு அக்கா) நான்கு கட்டு வாங்கினார். சென்னையிலிருந்து பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்திருக்கிறார்களாம், தொதல் அல்வாவும் பனங்கிழங்கும் இல்லாமல் திரும்ப மாட்டார்களாம். உப்பும் மஞ்சளும் போட்டு அவிப்பதா, வெறும் உப்புப் போதுமா என்று அவரும் அத்தையும் பத்து நிமிஷம் பேசினார்கள். கடைசியில் மஞ்சள் வேண்டும் என்று அத்தை பக்கம் முடிந்தது. நடுநரம்பை உரித்துவிட்டு, கொஞ்சம் மிளகும் பூண்டும் வைத்து இடித்துச் சாப்பிடுகிற பழக்கம் அவர்கள் வீட்டில் உண்டாம். நான் செய்து பார்த்தேன். அருமை.

அடுத்தது கருப்பட்டி. இதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பதநீர் இறங்குவது மாசி, பங்குனியிலிருந்து ஆடி வரை. ஆகையால் தையில் ‘புதுக் கருப்பட்டி’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். பொங்கலுக்குக் கிடைப்பது போன பருவத்துச் சரக்குதான். அதில் தப்பில்லை, புகை படுகிற பரணில் வைத்து எடுத்த பழைய கருப்பட்டிக்கு ருசி கூடுதல். அந்த அம்மாவும் மறைக்காமல் “ஆனியில காச்சுனது” என்றார். உடைத்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக, ஒரே சீராக இல்லாமல் இருந்தால் நல்லது. சீனி கலந்தது உடைத்த இடத்தில் மினுமினுக்கும், கல்லாகக் கெட்டியாக இருக்கும். வாயில் போட்டால் நல்ல கருப்பட்டி முதலில் லேசாகக் கரிக்கும், பிறகு இனிக்கும், கடைசியில் புகைவாசம் நிற்கும். சீனிக் கருப்பட்டிக்கு இனிப்பு மட்டும்தான். விலையும் ஒரு அடையாளம். இந்த அம்மா கிலோ 380 சொன்னார். அதே தெருவில் முன்பகுதியில் ஒரு கடையில் 200-க்குக் குவித்து வைத்திருந்தார்கள். மரம் ஏறி, பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி, காலையில் இறக்கி, வெயிலேறுமுன் காய்ச்சி எடுக்கிற சாமானை 200-க்குக் கொடுத்தால் யாருக்குக் கட்டும்? அத்தை அந்த 200 ரூபாய்க் கருப்பட்டியில் ஒரு சில்லை எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டு நடந்தார்.

2021-ல் வேளாண் பட்ஜெட்டில் பனைமரம் வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். மரம் நிற்கிறது, நல்லதுதான். ஏறுவதற்கு ஆள்? “எம் மகன் ஏறமாட்டேன்னுட்டான். எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் ரெண்டு வருசம் ஏறலாம்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சடைப்பு எதுவும் இல்லை, கணக்குச் சொல்வது போலச் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. மூன்று கிலோ வாங்கினேன்.

சீரை எதில் வைத்துக் கொடுப்பது என்று பிளாஸ்டிக் பேசின் இரண்டு வாங்கியிருந்தோம். பக்கத்தில் ஓலைப்பெட்டி விற்ற தங்கச்சியிடம் மூடி போட்ட பெட்டிகளைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. சிவப்பும் பச்சையும் சாயம் ஏற்றிய ஓலையை வெள்ளையோலையோடு கலந்து முடைந்தவை, விளிம்பில் நார் சுற்றியிருந்தது. பெரிசு 250, சின்னது 120. விளிம்பைக் கையால் அழுத்திப் பார்த்தேன், மடங்கித் திரும்ப நிமிர்ந்தது. ஒன்றில் சாயம் விரலில் ஒட்டியது. அதைச் சொன்னதும் மாற்றிக் கொடுத்தார். அரிசியும் கருப்பட்டியும் அதில் வைத்தோம். பேசின் இரண்டும் இப்போது எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி ஊறப்போட உதவுகின்றன.

இந்தப் பெண்கள் இருக்கிற இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விடிகாலை நாலரைக்கு வந்து இடம் பிடிக்கிறார்கள். நிழல் முழுக்கக் கரும்பு லாரிக்குப் போய்விடுகிறது. அவசரத்துக்கு ஒதுங்க ஒரு இடம் இல்லை என்று தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பதாக அந்த அம்மா சொன்னார். பதினொன்றரைக்கு மேல் வெயில் தாங்காமல் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரு நாலு கம்பும் கீற்றும் போட்டு, இவர்களைக் கடைத்தெருவின் தலைப்பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன? வெளியூரிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள் எத்தனை பேர் இந்த வழியாகப் போகிறார்கள்! முதலில் கண்ணில் படுவது பனங்கிழங்காகவும் கருப்பட்டியாகவும் இருந்தால் இந்த மாவட்டத்துக்கே பெருமை.

மறுநாள் புதன்கிழமை தொண்டிக்குப் போனோம். கரும்பைப் பஸ்ஸில் ஏற்றத்தான் கொஞ்சம் சிரமம். கண்டக்டர் தம்பி தலைப்பொங்கச் சீர் என்றதும் கடைசி சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் செருகிக் கொடுத்தார். தேவிபட்டினம், உப்பூர் வழியாகக் கடலோரமாகவே போகிற பாதை, காற்றுக்கு மஞ்சள் இலை முழுக்க ஆடிக்கொண்டே வந்தது. சம்பந்தி வீட்டில் ஓலைப்பெட்டியைப் பார்த்ததும் சம்பந்தியம்மா மூடியைத் திறக்காமல் முதலில் பெட்டியைத் தடவிப் பார்த்தார். அவர் அம்மா முடைவாராம்.

அவர்களுக்கு ஆர்.எஸ்.மங்கலம் ஆயக்கட்டில் கொஞ்சம் வயல். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்வார்களே, அந்தக் கண்மாய்ப் பாசனம். கதிர் இன்னும் முழுசாக முற்றவில்லை. ஒரு கைப்பிடி மட்டும் அறுத்து வந்து சாமி முன்னால் வைத்திருந்தார்கள். அரிசி பழையதுதான் போட வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் மகள் போன் போட்டாள். நல்ல நேரத்தில் பானை வைத்தாளாம், கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்ததாம், ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டியபோது அடியில் மெல்லிசாகச் சுண்ணாம்பு வண்டல் படிந்ததாம். நல்ல கருப்பட்டிக்கு அது இருக்கத்தான் செய்யும், பயப்படாதே என்றேன். அரிசி குழைந்த பிறகுதான் பாகை ஊற்ற வேண்டும், முன்னாலேயே ஊற்றினால் அரிசி விறைத்து நிற்கும் என்று நான் ராத்திரியே சொல்லியிருந்தேன், அப்படியே செய்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் இதுவரை வெல்லம்தானாம். மாமனார் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாராம்.

எங்கள் வீட்டுக் கட்டில் 25 கிழங்கில் இரண்டு மட்டும் நாராக இருந்தன. கரும்பில் ஒன்றுகூடப் பழுதில்லை.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் போய்ச் சேருங்கள். ரயிலிலும் வரலாம், 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்ததிலிருந்து ராமேஸ்வரம் ரயில் பழையபடி ஓடுகிறது. ஆனால் சாமானோடு திரும்புவதற்கு பஸ்தான் வசதி. சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள், தரையில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் பலரிடம் போனில் பணம் வாங்குகிற அட்டை இல்லை. முதலில் தெருவின் கடைசிக்கு நடந்துவிடுங்கள், கிழங்கையும் கருப்பட்டியையும் வாங்கிக்கொண்டு அங்கிருந்து முன்னால் வாருங்கள்.

அந்த அம்மா மாசி வரைக்கும் கிழங்கு கொண்டுவருவாராம். பங்குனி நடுவில் முதல் கருப்பட்டி இறங்கிவிடும் என்றார். ஐந்து கிலோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் இரண்டு சம்பந்தி வீட்டுக்கு.